உப்பு வைக்காத இலை

இலை போட்டாயிற்று. தண்ணீர் தெளித்து, கையால் வழித்துவிட்டு, எல்லோரும் சம்மணமிட்டு உட்கார்ந்தும் ஆயிற்று. சோறு இன்னும் வரவில்லை. சமையல்கட்டிலிருந்து வாளியும் கரண்டியும் மோதுகிற சத்தம் மட்டும் வருகிறது. வேட்டி மடியில் பொட்டலம் உறுத்துகிறது. முன்னால் சாய்ந்தால் உறுத்துகிறது, நிமிர்ந்தால் இல்லை, ஆகவே நான் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் இவனுக்கு என்ன திமிர் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும், திமிர் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஒரு வருஷம் விட்டு இந்தப் பந்தியில் மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. காலையில் கொடி ஏறியதும் ஆவுடையப்பன் அண்ணாச்சிதான் கட்டிவிட்டார், "கோமதிநாயகம், கையை நீட்டு" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிக் கூப்பிட்டு. எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். அம்மன் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் நாங்கள். வேறு ஊரில் ஒருத்தனைப் பார்த்து நீ முட்டுக்கட்டை போடுகிறாய் என்றால் அடிக்க வருவான், எங்கள் ஊரில் அதைச் சொல்லிப் பெண் கேட்கலாம். சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகித்தான் தேரைத் திருப்ப வேண்டும், கட்டையைச் செருகித்தான் நிறுத்த வேண்டும். இழுப்பதற்கு ஊரே இருக்கிறது, நிறுத்துவதற்கு நாங்கள்தான். அதற்காக எங்களுக்கு மட்டும் ஒரு விரதம், கொடி ஏறியதிலிருந்து தேர் நிலைக்குத் திரும்பும்வரை உப்பு கிடையாது. பகலில் இந்த மண்டபத்தில் ஒன்றாக உட்கார்ந்து உப்பில்லாச் சோறு, ராத்திரி பாலும் பழமும். மற்ற எந்தப் பந்தியிலும் முதலில் இலையின் இடது ஓரத்தில் உப்பு வைப்பார்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம். இங்கே அந்த இடம் காலி. அந்தக் காலி இடத்தைத்தான் வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மடியில் இருப்பது கல்லுப்பு, சொர்ணம் காலண்டர் தாளில் மடித்துக் கொடுத்தது.

"சோறு விழுந்ததும் பிசையுத மாதிரி உள்ள தள்ளிருங்க. ஒருத்தரும் பாக்க மாட்டாங்க" என்று காலையில் சொன்னாள் சொர்ணம். அவள் என் மனைவி, எனக்கு வந்திருக்கிற நோயில் என்னைவிடக் கெட்டிக்காரி. இப்போது அங்கே தூணுக்குப் பக்கத்தில் பெண்களோடு நிற்கிறாள், எங்கள் பந்தி முடிந்த பிறகுதான் அவர்களுக்கு. என்னைப் பார்க்காத மாதிரிப் பார்க்கிறாள். அவள் சொன்ன வழி நல்ல வழிதான், ஒரு விரல் அசைவில் முடிந்துவிடும். இன்று முடியும், நாளை முடியும், தேரன்று வரை தினமும் ஒரு பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு கோழி திருடியவன் போல உட்கார்ந்திருந்தால் எல்லாம் முடியும். இந்த உப்பை விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஒரு தடவை பட்டாயிற்று. நான் சாப்பிடுகிற மாத்திரைக்குப் பெயர் லித்தியம். அதுவே ஒரு வகை உப்புதான் என்று, அப்படிப் பட்ட பிறகு ஆஸ்பத்திரியில் வைத்து டாக்டர் மெஹருன்னிசா சொன்னபோது நான் சிரித்துவிட்டேன், அப்படியானால் விரதம் ஏற்கெனவே முறிந்துவிட்டதே டாக்டரம்மா என்றேன். அவர் சிரிக்கவில்லை. தாளில் ஒரு சிறுநீரகம் வரைந்து காட்டினார், பார்ப்பதற்கு முந்திரிக்கொட்டை மாதிரி இருந்தது. உடம்பில் சாதாரண உப்பு குறைந்தால் இது பதறிப்போய், உப்பு என்று நினைத்து மருந்தையும் வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும், வெளியே போக வேண்டியது உள்ளேயே தங்கினால் மருந்தே விஷமாகிவிடும் என்றார். அதிலும் வெயிலில் வேர்வை கொட்டினால் கேட்கவே வேண்டாம். "உப்பைத் திடீர்னு குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். வீட்ல எல்லாரும் சாப்பிடுற மாதிரி சாப்பிடுங்க, தண்ணி நிறையக் குடிங்க, ரத்தம் பரிசோதிக்கச் சொல்ற தேதிக்கு வந்திருங்க, அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதான். ஆனால் மாத்திரையைத் தொடங்கிய புதிதில், எதற்கெல்லாம் கவனமாக இருக்க வேண்டும் என்று பட்டியல் சொன்னபோது அவர் விரதத்தைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உப்பில்லா விரதம் இருக்கிறவன் ஒருத்தன் தன் எதிரில் உட்கார்ந்திருப்பான் என்று அவருக்கு எப்படித் தெரியும், எனக்கும் அது மருந்து சம்பந்தப்பட்ட விஷயமாகத் தோன்றவே இல்லை, அது அம்மன் சம்பந்தப்பட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், குணமானதற்கு நன்றியாக விரதத்தை இன்னும் கெட்டியாக இருந்தேன், தயிரைக்கூடத் தொடவில்லை. தேரன்று மேலத் தெருவில் கை ஆடியது. வயிற்றைப் புரட்டிக்கொண்டு வாந்தி வந்தது. கட்டை செருகுகிறவனுக்கு "போடு" என்று சத்தம் கொடுப்பது என் வேலை, கத்த வாயைத் திறந்தால் நாக்கு ஒத்துழைக்கவில்லை, கால் நான் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டது, அப்புறம் யாரோ சொன்னார்கள், குடிச்சிட்டு வந்திருக்கான், அம்மன் கட்டையைத் தொட்டுட்டான். இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் சாத்திவைத்தார்கள். சித்திரை வெயில் முகத்தில். ஒருத்தர் காறித் துப்பினார், சோத்துல உப்புப் போட்டுத் திங்கிறவன் செய்யுத காரியமா இது என்றார். நான் உப்புப் போட்டுத் தின்னாததுதான் அத்தனைக்கும் காரணம் என்று அவருக்குச் சொல்ல எனக்கு நாக்கு இல்லை. தேர் என்னைத் தாண்டிப் போயிற்று. சொர்ணம் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால் அந்தச் சுவரிலேயே முடிந்திருப்பேன், டாக்டரம்மா பிறகு அப்படித்தான் சொன்னார். வாளிச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. ஆவுடையப்பன் அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிற தலைமாட்டு இலையிலிருந்து பரிமாறத் தொடங்குவார்கள், நான் இருப்பது கடைசிப் பக்கம், இன்னும் நேரம் இருக்கிறது.

குடிகாரன். நான் ஒரு நாளும் குடித்ததில்லை. கல்யாண வீட்டில் பையன்கள் பாட்டிலை நீட்டினாலும் வாசனைக்கே முகத்தைத் திருப்புகிறவன். ஆனால் அந்தப் பெயரை இரண்டு வருஷமாகச் சட்டை மாதிரி போட்டுக்கொண்டு திரிகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் குடிகாரனுக்கு ஒரு மரியாதை உண்டு. இன்று குடிப்பான், நாளை விடுவான், மாலை போட்டால் திருந்துவான், அவன் வீட்டில் பெண் எடுப்பார்கள். மண்டையில் நோய் என்று சொல்லிப் பாருங்கள், என் பெயிண்ட் கடைக்குச் சுண்ணாம்பு வாங்க வருகிறவன்கூட ஒரு அடி தள்ளி நின்றுதான் சில்லறை வாங்குவான். என் வீட்டாரே பார்த்தார்கள், குடி என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதற்கும் முன்னால் எனக்கு வேறொரு பெயர் இருந்தது, அது குடிகாரனைவிடப் பெரிய பெயர். ஒரு ஐப்பசி மழையில், கடை விளம்பரத்துக்கு வைத்திருந்த ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு நிலையில் நின்ற தேரில் ஏறிவிட்டேன். இன்னைக்கே தேரோட்டம், வடம் பிடிக்க வாங்க, கட்டையே வேண்டாம், நான் கையாலேயே நிறுத்துவேன் என்று ஊரைக் கூப்பிட்டேன். எத்தனை நாள் உறங்காமல் இருந்தேன் என்று எனக்கே தெரியாது. உறக்கம் தேவைப்படவில்லை, சோறு தேவைப்படவில்லை. ஒரு எண்ணம் முடிவதற்குள் அடுத்தது வந்து கையைப் பிடித்து இழுத்தது, எல்லாமே எனக்காகவே நடந்தது, மழைகூட. அதற்கு முந்தின வாரம் வடக்குத் தெருவில் யாரும் கேட்காமலே வீட்டுச் சுவருக்கெல்லாம் மஞ்சள் அடித்திருந்தேன். இன்னும் இரண்டு வீட்டில் அந்த மஞ்சள் இருக்கிறது, நல்ல மஞ்சள், அதைச் சொல்லத்தான் வேண்டும். சத்தத்தைக் கேட்டு நிஜமாகவே சிலர் குடை பிடித்துக்கொண்டு வந்தார்கள். அம்மன் இறங்கிட்டா என்றார்கள். சூடம் காட்டினார்கள். காலில் விழுந்தவர்களில் என் மாமியாரும் உண்டு, அதற்கு முன்னும் சரி பின்னும் சரி, அந்த அம்மாள் என்னை மதித்ததே இல்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்க ஆள் இல்லை. சொர்ணம் மட்டும் மழையில் நனைந்துகொண்டு கீழே நின்று, "இறங்கி வாங்க, இறங்கி வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்புறம் இறங்கினேன். தேரிலிருந்து மட்டும் இல்லை. தை பிறந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன் மாசி முழுக்கத் திரும்பவில்லை. குக்கர் விசில் அடித்தால் அழுகை வரும். பல் தேய்க்க எழ வேண்டும் என்று காலையில் நினைப்பேன், நினைத்தபடியே சாயங்காலம் ஆகிவிடும். நான் செத்தால் இவளுக்கு நிம்மதி என்று கணக்குப் போட்டேன், அந்தக் கணக்கு அப்போது அத்தனை சரியாக வந்தது, அதுதான் இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. முதலில் பார்த்த டாக்டரிடம் சோர்வைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். தேர் மேல் ஏறியதைச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும், அது நோய் என்று யார் கண்டது, அது என் வாழ்க்கையிலேயே சிறந்த மாதம் அல்லவா. மெஹருன்னிசா டாக்டர்தான் சொர்ணத்தைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார். ஏறினதும் இறங்கினதும் ரெண்டு நோய் இல்லைம்மா, ஒண்ணுதான் என்றார். அதைக் கேட்டபோது சொர்ணம் ஓவென்று அழுதாளாம். துக்கத்தில் இல்லை, பெயர் கிடைத்துவிட்டதே என்று.

தலைமாட்டில் சோறு விழுகிற சத்தம். அண்ணாச்சி இலையில் பச்சரிசிச் சோறு, மேலே பாசிப்பருப்பு. வாளி அடுத்த இலைக்கு நகர்கிறது. என் வலது பக்கம் குத்தாலிங்கம் உட்கார்ந்திருக்கிறான், மடக்கிய காலில் பெருவிரல் நகம் கறுத்துச் சுருங்கியிருக்கிறது. அதைப் பார்க்காமல் இருக்க முயல்கிறேன், கண் அங்கேதான் போகிறது. போன வருஷம், குடிகாரன் என்று என்னைக் கூட்டத்தில் சேர்க்காதபோது, நான் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்று தேர் போவதைச் சத்தத்தாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன், கொட்டு எங்கே இருக்கிறது, வடம் எங்கே தளர்கிறது, இப்போது முக்குத் திருப்பம், இப்போது கட்டை. அப்போது வடக்குத் தெரு முக்கில் ஒரு அலறல். எனக்குப் பதிலாக நின்றவன் சத்தம் கொடுக்க ஒரு நொடி தாமதித்திருக்கிறான், சறுக்கிய கட்டைக்கும் கல்லுக்கும் நடுவில் குத்தாலிங்கத்தின் கால் விரல். சக்கரத்தடியில் எங்கள் தொழில் அப்படித்தான். முன்னால் நிற்கிறவன் சக்கரத்தைப் பார்ப்பான், பின்னால் குனிகிறவன் கட்டையை மட்டும் பார்ப்பான், தலையை நிமிர்த்தினால் போச்சு. "போடு" என்றால் கை உள்ளே போக வேண்டும், "விடு" என்றால் வெளியே வர வேண்டும், நடுவில் நிஜமா பொய்யா என்று யோசிக்க இடமே இல்லை. அந்த விரலை வைத்துக்கொண்டுதான் நொண்டி நொண்டிக் கடைக்கு வந்தான். "குடியை விட்டுட்டியாமே. வாடே, உன்னைய மாதிரிச் சத்தம் குடுக்க ஆளில்ல. நான் அண்ணாச்சிகிட்டப் பேசுதேன்" என்றான். நான் பெயிண்ட் டப்பா மூடியைத் தட்டிக்கொண்டே தலையை ஆட்டினேன். குடியை விட்டுவிட்டேன் என்கிற மாதிரி ஒரு ஆட்டு. எத்தனை சுலபமாக ஆட வந்தது. இப்போது அந்த விரல் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தேரன்று திடீரென்று என் கை பெரிதாக ஆடினால் இவன் என்ன செய்வான்? மறுபடி குடித்துவிட்டான் என்பான், சுவரில் சாத்திவைப்பான், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வாயில் மோர் ஊற்றுவான், உப்பில்லாத மோர். ஏன் ஆடுகிறது என்று இவனுக்குத் தெரிந்தால் பாதி வழியிலேயே என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவான், ஓடுகிறவன்தான். அப்படியானால் இவனுக்குத் தெரிய வேண்டும். ஆனால் தெரிந்தால் காப்பை அவிழ்த்துவிடுவார்கள். பைத்தியத்தின் சத்தத்தை நம்பி எவன் கையை உள்ளே விடுவான்? அதுவும் நியாயம்தான். இல்லை, நியாயம் இல்லை. சொல்லாமல் விரலால் தள்ளிவிட்டால் ஒரு வம்பும் இல்லை. தள்ளிவிடு. தள்ளிவிட்டுச் சக்கரத்தடியில் போய் நின்றுகொண்டு என்னை நம்பு, என்னை நம்பு என்று கத்து. சுற்றிச் சுற்றி அந்த விரலிலேயே வந்து நிற்கிறது புத்தி.

பொறு. இது யார் பேசுவது? எல்லோர் முன்னாலும் உப்பை எடுத்து வைக்கலாம் என்று உள்ளே ஒன்று கிளம்புகிறதே, நெஞ்சு விரிகிறதே, இது நானா, அதுவா? தேர் மேல் ஏறியதும் இப்படி நெஞ்சை விரித்துக்கொண்டுதான். இதுதான் இந்த நோயின் கொடுமை, சந்தோஷம் வந்தால்கூட அடையாள அட்டை கேட்க வேண்டியிருக்கிறது. சரி, கேட்போம். நேற்று உறங்கினாயா? உறங்கினேன், சொர்ணம் உலுக்கித்தான் எழுப்பினாள். பசிக்கிறதா? பசிக்கிறது, உப்பில்லாத பருப்பைப் பார்த்துக்கூட வாய் ஊறுகிறது, அன்றெல்லாம் பசியே கிடையாது. அடுத்தவர் பேசினால் பொறுக்கிறதா? காலையில் எங்கள் கூட்டத்துப் பண்டாரம் மாமா தன் முழங்கால் வலியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார், முழுதும் கேட்டேன், கொட்டாவிகூட விட்டேன். குளிக்கும்போது சீட்டி அடித்தாயா? அதுதான் சொர்ணம் கண்டுபிடித்த அடையாளம், எனக்கு ஏற்றம் வருவதற்கு முன்னால் குளியலறையில் சீட்டி வந்துவிடும், அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவருகில் நிற்பாள். இல்லை, சீட்டி அடிக்கவில்லை. அப்புறம் பயம். பயம் இருக்கிறதா? இருக்கிறது, காப்பு போய்விடுமோ என்று. அன்று தேர் மேல் எனக்குப் பயமே இல்லை, ஒரு துளி இல்லை. அப்படியானால் இது நான்தான். இது என்னுடைய பெருமை. மூன்று வருஷமாக ஒரு வேளை தவறாமல் மாத்திரை விழுங்கினேனே, நோய் விட்டுப் போய்விட்டது போலத் தோன்றி, எதற்கு இது என்று டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற காலையில்கூட விழுங்கினேனே, அந்தப் பெருமை. அந்த உச்சம் மறுபடி கிடைக்காதா என்று சில நாள் ஏக்கமாக இருக்கும், காதலித்த பெண்ணைப் பஸ்ஸில் பார்த்த மாதிரி இருக்கும், பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு வருகிறேனே, அந்தப் பெருமை. ஊரில் எத்தனையோ பேர் தேரை நிறுத்துகிறார்கள். நான் வீட்டில் என்னையே நிறுத்தியிருக்கிறேன், ஒருத்தரும் பார்க்கவில்லை, கொட்டுக்கூட அடிக்கவில்லை. இதை மடியில் ஒளித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஏதோ களவு போல. வாளி குத்தாலிங்கம் இலைக்கு வந்துவிட்டது. சோற்று ஆவி முகத்தில் அடிக்கிறது. என் விரல்கள் மடிக்குள் போகின்றன, காலண்டர் தாள் வேர்வையில் ஈரமாகியிருக்கிறது. என் இலையில் சோறு விழுகிறது. தூணுக்குப் பக்கத்தில் சொர்ணம் கண்ணை இமைக்காமல் நிற்கிறாள். தள்ளிருங்க, தள்ளிருங்க என்கிறது அவள் முகம்.

பொட்டலத்தை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பிரித்தேன். இலையின் இடது ஓரத்தில், உப்பு வைக்க வேண்டிய இடத்தில், கல்லுப்பை வைத்தேன். நான்கைந்து கல் உருண்டு தரையில் விழுந்தது, அதையும் பொறுக்கி வைத்தேன். "ஏல, என்ன அது?" என்றான் குத்தாலிங்கம். உப்பு என்றேன். பரிமாறுகிறவர் வாளியோடு நின்றுவிட்டார். எதிர் வரிசையிலிருந்து பண்டாரம் மாமா, "காப்பு கட்டுன கையால உப்பா? மறுபடியும் குடிச்சிட்டு வந்துட்டானா?" என்றார். பருப்பு வாளியில் சுற்றிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. தலைமாட்டிலிருந்து ஆவுடையப்பன் அண்ணாச்சி குனிந்து எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, நான் ஒரு நாளும் குடிச்சதில்ல" என்றேன். "எனக்கு மனசுல ஒரு நோய் இருக்கு. பைபோலார்னு பேரு. ஒரு நேரம் மனசு கண்ணுமண்ணு தெரியாம மேல ஏறும், ஒரு நேரம் பாதாளத்துல விழும். மூணு வருசமா மாத்திரை சாப்பிடுதேன், நல்லா இருக்கேன். ஆனா உப்பை விட்டா அந்த மாத்திரையே விசமாயிரும். அன்னைக்கு மேலத் தெருவுல தள்ளாடினது அதுதான்." அண்ணாச்சி என் இலையோரத்து உப்பைப் பார்த்தார். அப்புறம், "தேர் மேல ஏறினியே, அது?" என்றார். அதுவும் அதுதான் என்றேன். "அம்மன் இல்லியா?" "அம்மன்னா ஐப்பசி மழையிலயா அண்ணாச்சி தேரை இழுக்கச் சொல்லுவா?" யாரோ பக்கென்று சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். "அம்மன்கிட்ட இதைச் சொன்னியா?" என்றார். "அவகிட்ட என்னைக்கோ சொல்லியாச்சு. உங்ககிட்டதான் சொல்லல." பண்டாரம் மாமா இலையை மடித்தார். பாதிப் பந்தியில் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். வலித்தது. காலையில் அவருடைய முழங்காலுக்காக அரை மணி நேரம் கொடுத்தவன் நான். கையை நீட்டு என்றார் அண்ணாச்சி. நீட்டினேன். விரல்நுனியில் அந்த மெல்லிய நடுக்கம், எப்போதும் உள்ளது. "இது மாத்திரையால வாரது அண்ணாச்சி, சத்தம் குடுக்கதுக்கு இது இடைஞ்சல் இல்ல. ஆனா இது பெருசா ஆடிச்சுன்னா, வாந்தி எடுத்தேன்னா, நாக்கு குழறிச்சுன்னா, உடனே வெளிய இழுத்துப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. சுவத்துல மட்டும் சாத்தி வெச்சிராதீங்க" என்றேன். அந்தச் சுவர் இத்தனை நாளாக அங்கேயேதான் இருந்திருக்கிறது. பக்கத்தில் குத்தாலிங்கம் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டு வருசமா என்கிட்ட சொல்லலியேல" என்றான் மெதுவாக, "என் கை ரெண்டும் உன் வாயை நம்பிலா இருந்துது." அவனே கொஞ்சம் கழித்து, "பெருசா ஆடிச்சுன்னா என்ன, வாந்தி, அப்புறம் என்ன சொன்னே?" என்றான். நாக்கு குழறுறது என்றேன். நாக்கு, என்று தனக்குள் சொல்லி வைத்துக்கொண்டான். நான் காப்பைப் பார்த்தேன். அவிழ்க்கச் சொன்னால் அவிழ்த்துவிடுவது, சோற்றை மட்டும் முழுதும் தின்றுவிட்டு எழுவது என்று முடிவு செய்திருந்தேன். அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. பரிமாறுகிறவரைப் பார்த்தார். "வாளி ஏன் நிக்கி? சோறு ஆறுது பாரு" என்றார். வாளி நகர்ந்தது. அவர் ஒரு கவளம் பிசைந்து, வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தி, சமையல்கட்டுப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார், "ஏய், நாளைலேருந்து கோமதி எலைக்கு மொதல்ல உப்பை வையுங்க. மத்தவனுக்கு மறந்தாலும் அவனுக்கு மறந்துராதீங்க, தேரன்னைக்கு முன் சக்கரத்துல நிக்க வேண்டியவன்." மத்தவனுக்கு இங்கே உப்பே கிடையாது அண்ணாச்சி என்று யாரோ சொன்னார்கள். "தெரியும்ல, தின்னு" என்றார். நாளையிலிருந்து. நான் தலையைக் குனிந்துகொண்டேன், கண்ணில் வந்தது இலையில் விழுந்துவிடக் கூடாதே என்று. நிமிர்ந்தபோது தூணுக்குப் பக்கத்தில் சொர்ணம், கூட்டத்துக்கு நடுவில், வெட்கமே இல்லாமல் கட்டைவிரலைத் தூக்கி வாயில் ஊற்றுகிற மாதிரிக் காட்டினாள். பார்த்த பெண்கள் திகைத்துப்போனார்கள். குடிகாரன் பெண்டாட்டி இதற்கும் துணிந்துவிட்டாளே என்று நினைத்திருப்பார்கள். தண்ணீர் குடிக்கச் சொல்கிறாள். நான் டம்ளரை எடுத்து அவள் பார்க்கும்படி ஒரே மூச்சில் குடித்தேன், கீழே வைத்தேன், உப்பை எடுத்துச் சோற்றில் போட்டுப் பிசைந்தேன்.